ரிலீவர் வரவில்லை

"மதி கண்ணு, நான் ஒரு முடிவுக்கு வந்துட்டேன்" என்றார் என் கணவர் மருதாசலம்.

அவர் முடிவுக்கு வந்தால் எனக்குப் பயம். போன தடவை முடிவுக்கு வந்தபோது மீசையை எடுத்தார். அதற்கு முந்தின தடவை வீட்டுக்குப் பின்னால் முயல் வளர்த்தார். மீசை மெதுவாக வளர்ந்தது. முயல்கள் அப்படியில்லை.

"சொல்லுங்க" என்றேன்.

"நீ ரொம்பத் தனியா இருக்கே."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கல்யாணமாகிப் பொள்ளாச்சியிலிருந்து இந்த நெய்வேலிக்கு வந்து இரண்டு வருஷம். எங்கள் பிள்ளை அஸ்வினுக்கு இப்போதுதான் உட்கார வருகிறது. நான் தனியாக இருப்பதை இவர் கண்டுபிடித்தது இன்றைக்குத்தான். போகட்டும், கண்டுபிடித்துவிட்டாரே!

"நான் சுரங்கத்துக்குப் போயிர்றேன். நீ பேச்சுத் துணைக்கு ஆளில்லாம செவுத்தையே பாத்துக்கிட்டு இருக்கே. எனக்கு மனசு கேக்க மாட்டேங்குது."

"ஆமாங்க" என்றேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டேன்.

"அதனால..." டீயை ஒரு வாய் குடித்தார். "ரெண்டாவதா ஒரு கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கேன்."

நான் எழுந்து நின்றேன்.

கான்வென்டில் படித்தவளுக்கு அது ஒரு வியாதி. பயம் வந்தால் செய்வதற்கு சிஸ்டர்கள் எங்களுக்கு இரண்டு காரியம் கற்றுக் கொடுத்திருந்தார்கள். ஒன்று, எழுந்து நிற்பது. இன்னொன்று, கையெழுத்தை அழகாக எழுதுவது. கையில் பேனா இல்லாததால் நின்றேன்.

"உக்காரு, உக்காரு. உனக்குத் துணையாத்தான் கண்ணு. செவ்வந்தின்னு பேரு. எங்க கேன்டீன்ல காண்ட்ராக்ட்டுல இருக்குது. தங்கமான புள்ளை. உன்னை அக்கா, அக்கான்னு கூப்பிடும்."

"இப்பவே கூப்பிடுதுங்களா?"

"பேச்சுவாக்குல ரெண்டு மூணு தடவை..." என்று இழுத்தார். பிறகு நெஞ்சை நிமிர்த்தினார். "என் பேரு என்ன? மருதாசலம். முருகன் பேரு. அந்த முருகனுக்கே ரெண்டு பொண்டாட்டி!"

முருகனுக்குப் பன்னிரண்டு கை இருக்கிறது. இவருக்கு இருப்பது இரண்டு. ஒன்றில் டீ டம்ளர், ஒன்றில் டி.வி. ரிமோட். பெற்ற பிள்ளையைத் தூக்க மூன்றாவது கை கிடையாது. இதையெல்லாம் நான் அவரிடம் சொல்லவில்லை. அஸ்வினுக்கு அகாலத்தில் பால் கொடுக்கும்போதுதான் தோன்றியது. எனக்கு நல்ல பதில்கள் எல்லாம் அப்போதுதான் வரும். கேட்க வேண்டியவர் நைட் ஷிப்டில் இருப்பார். அஸ்வினிடம் சொல்வேன். அவன் ஏப்பம் விடுவான்.

நெய்வேலியைப் பற்றி வெளியூரில் எல்லாருக்கும் பொறாமை. தமிழ்நாடு முழுக்கக் கரண்ட் இல்லாமல் விசிறிக்கொண்டிருந்த வருஷம் அது. எங்கள் குவார்ட்டர்ஸில் மட்டும் மின்விசிறி நிற்காமல் சுற்றும். அம்மாவுக்குப் போன் போட்டு "பயமா இருக்கும்மா" என்றால், "உனக்கென்னடி, கரண்ட் இருக்கே!" என்பார். அத்தோடு பேச்சு முடிந்துவிடும். கரண்ட் இருக்கிறவளுக்கு அழ உரிமை இல்லை.

எனக்கு எதற்கெல்லாம் பயம் என்று கேட்டால், குக்கருக்குப் பயம். சுரங்கத்தில் வெடி வைத்தால் அலமாரிக் கண்ணாடி கலகலக்கும், அதற்குப் பயம். தூங்குகிற பிள்ளை மூச்சு விடுகிறானா என்று மூக்கடியில் விரலை வைத்துப் பார்ப்பேன். விரல் பட்டு எழுந்துவிட்டால் அதற்கும் பயம். எல்லாவற்றையும் விட, அவர் வரத் தாமதமானால் பயம்.

"ரிலீவர் வரலை கண்ணு" என்பார் ஒவ்வொரு தடவையும். சுரங்கத்தில் அவர் ஓட்டுவது மண் வாருகிற ராட்சத மெஷின். அடுத்த ஷிப்ட் ஆள் மேலே ஏறி வந்து இடத்தைப் பிடிக்காமல் இவர் சீட்டை விட்டு இறங்கக் கூடாது. அது அங்கே சட்டம். அந்த ரிலீவரை நான் பார்த்ததில்லை. பார்க்காமலே எத்தனையோ சாபம் கொடுத்திருக்கிறேன்.

*

பக்கத்து வீட்டு அம்சவல்லி அக்காவிடம் சொன்னேன்.

அவரை எனக்குத் தெரிந்ததே 'தானே' புயலால்தான். புயலில் எங்கள் பலாமரம் விழுந்து நடுச்சுவரை உடைத்துவிட்டது. அந்த ஓட்டை வழியாகத்தான் பழக்கம். ஆனால் அவருக்குத் துணி காயப்போடுகிற நேரம்தான் பேச்சு நேரம். ஈரத்துணி தீர்ந்தால் பேச்சும் தீர்ந்துவிடும்.

"என்னாது? ரெண்டாங் கல்யாணமா? அந்தப் பூனையா?"

"ஆமாக்கா."

"ஆபீசுக்கு ஒரு வரி எழுதிப் போடு. பொண்டாட்டி இருக்கசொல்ல இன்னொருத்தியக் கட்டினா வேலையே காலி. ரூலு இருக்குது."

"வேலை போனா குவார்ட்டர்ஸ்?"

அக்கா ஒரு லுங்கியை உதறினார். "அதுவும் பூடும்."

"ஆஸ்பத்திரி கார்டு?"

"அதுவுந்தான்."

"அப்ப நானும் அஸ்வினும்?"

"உங்கம்மா வூட்டுக்குப் போவ வேண்டியதுதான்."

சட்டம் என் பக்கம்தான் இருந்தது. ரொம்பவும் என் பக்கம். அந்தப் பலாமரம் மாதிரி, என் தலையிலேயே விழுகிற அளவுக்கு.

"அப்ப அம்மா வீட்டுக்கே போயிடட்டுமாக்கா?"

"எம்மா, அத்த மட்டும் செஞ்சிடாத! நீ வெளிய கால வச்சா அவ உள்ள கால வப்பா."

"பேசாம இருந்துட்டா?"

அக்கா கிளிப்பை வாயிலிருந்து எடுத்தார். "மெயின் ரோட்டாண்ட ராஜேந்திரன்னு ஒர்த்தர் இருந்தாரு. இங்க ஒரு வூடு, வடலூர்ல ஒரு வூடு. இங்க கேட்டா அங்க இருக்காருன்னுவாங்க. அங்க கேட்டா இங்க இருக்காருன்னுவாங்க. உசுரோட இருந்தப்ப ரெண்டு வூட்லயும் இல்ல. செத்தப்ப ரெண்டு வூட்லயும் எழவு. ரெண்டு பொம்பளைங்களும் ஒரே பொணத்தாண்ட உக்காந்துகினு, யாரு மொதல்ல அழுவறதுன்னு சண்ட." கடைசித் துண்டைப் போட்டார். "வேணும்னா கொளஞ்சியப்பர் கோயில்ல பிராது கட்டு. எழுதிக் கட்டினா கேப்பாரு."

கொளஞ்சியப்பரும் முருகன்தான். முருகன் மேல் முருகனிடமே புகார் கொடுக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. அக்கா வாளியைக் கவிழ்த்தார். உள்ளே போய்விட்டார்.

பயந்தவர்களுக்கு ஒரு வசதி உண்டு. எந்த வழியில் போனால் என்ன கெடுதல் வரும் என்று ஏற்கெனவே பயந்து பார்த்து வைத்திருப்பார்கள். நானும் எல்லா வழியிலும் போய்ப் பயந்துவிட்டு வந்தேன். எழுதிப் போட்டால் தெரு. அம்மா வீட்டுக்குப் போனால் வீடு அவளுக்கு. பேசாமல் இருந்தால் ராஜேந்திரன். நான் பயந்து பார்க்காத வழி ஒன்றுதான் பாக்கி இருந்தது.

"சரிங்க" என்றேன், மறுநாள்.

"என்ன சரி?"

"செவ்வந்தியை வரச் சொல்லுங்க."

டீ அவருக்குப் புரையேறியது. தலையில் தட்டினேன். கொஞ்சம் பலமாகத்தான்.

"ஆனா ஒண்ணுங்க. உங்க கம்பெனியில எடுத்த உடனே பர்மனென்ட் பண்ணிருவாங்களா?"

"அதெப்படி? புரொபேஷன் இருக்குமே."

"அதேதானுங்க. எனக்குத் துணைக்குத்தானே? பகல்ல வந்து எங்கூட இருக்கட்டும். ஆடி முடியட்டும். ஆடியில எப்படியும் யாரும் கல்யாணம் வெக்கறதில்ல. ஒத்துப்போச்சுன்னா நானே மாலை எடுத்துத் தர்றேன்."

"மதி! நீ மனுஷியே இல்ல கண்ணு, தெய்வம்!"

"புரொபேஷன்ல இருக்கறவங்க யாருகிட்ட ரிப்போர்ட் பண்ணணுமுங்க?"

"சீனியர்கிட்ட."

"சரிங்க. நான்தான் சீனியர்."

அவருக்கு அது காதில் விழவே இல்லை. காண்ட்ராக்டரிடம் சொல்லி அவளைக் காலை டிபன் வேலைக்கு மாற்றிவிடுவதாகவும், பத்து மணிக்கெல்லாம் அவள் இங்கே வந்துவிடலாம் என்றும் திட்டம் போட்டுக்கொண்டிருந்தார். விசில் வேறு. மனைவியின் சம்மதத்தோடு இரண்டாம் கல்யாணம் செய்கிற முதல் ஆள் தானே என்கிற மாதிரி அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு ஷிப்டுக்குப் போனார்.

நான் கதவைச் சாத்திவிட்டு, அஸ்வினைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

*

செவ்வந்தி வந்தாள். ஒல்லியான பெண். கேன்டீன் புடவை, கையில் தூக்கு. செருப்பை கேட்டுக்கு வெளியிலேயே கழற்றிவிட்டாள். அவளைக் கண்டதும் நான் எழுந்து நின்றேன். அவள் ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தாள். இருவரும் நின்றோம். இரண்டு பேரில் யார் யாருக்குப் பயப்படுவது என்று தெரியவில்லை.

"அக்கா!" என்று கத்தினாள். கையை ஆட்டிக் காட்டினாள். "கொழந்த! நல்லா! இருக்குதா!"

"ஏம்மா கத்தறே?"

துள்ளி விழுந்தாள். "ஐயோ! உங்களுக்குப் பேச்சு வருதா?"

"யாரு வராதுன்னு சொன்னா?"

"சாருதான் சொன்னாரு. 'எம் பொண்டாட்டி வாயே தெறக்க மாட்டா, பாவம், வூட்ல ஒரு சத்தமே இருக்காது'ன்னு. நான் ஊமையாக்கும்னு நெனச்சிகினேன்."

"எனக்குப் பேச்சு வரும். ஆளுங்கதான் வர மாட்டாங்க."

உட்கார்ந்தோம். காப்பி கொடுத்தேன். அவள் குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நேற்று ராத்திரி நான் பயந்த செவ்வந்திக்குப் பெரிய கண்களும் சிவப்பு உதடும் இருந்தன. இவளுக்குச் சட்டி தேய்த்துத் தேய்த்துச் சுரண்டுபட்ட விரல்கள் இருந்தன.

"உனக்கு எதுக்கும்மா இது? சின்ன வயசு. ரெண்டாந்தாரமா வரணும்னு என்ன?"

"எங்கம்மா மாணிக்கம்மாதான் சொன்னாங்க. முழு காண்ட்ராக்ட்ட வுட அர பர்மனென்ட் மேலுடின்னு."

நான் சிரித்துவிட்டேன். அடக்க முடியவில்லை. அஸ்வின் மிரண்டு போய் என் வாயையே பார்த்தான். அவன் அம்மா இப்படி ஒரு சத்தம் போட்டு அவன் கேட்டதில்லை.

"அந்த அரையும் உனக்கு வராது செவ்வந்தி" என்றேன். "ஆஸ்பத்திரி கார்டுல உன் பேரு ஏறாது. பென்ஷன் வராது. நாளைக்கு ஒரு புள்ளை பொறந்தா அதுக்கும் இழுபறிதான். சட்டத்துல இது கல்யாணமே இல்ல."

"கோயில்ல தாலி கட்றேன்னாரே?"

"கட்டலாம். கம்பெனிக்குத் தெரியாம கட்டினா நீ யாருன்னே யாருக்கும் தெரியாது. தெரிஞ்சு கட்டினா அவருக்கு வேலையே இருக்காது."

யோசித்தாள். "அப்ப அவரும் காண்ட்ராக்ட்டுக்கு வந்துடுவாரா?"

"வந்துடுவாரு."

"அதுக்கு எங்க ஊர்லயே ஒர்த்தன முழுசா கட்டிகினு போலாமே!"

காப்பி டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "உங்களுக்கு எம்மேல கோவம் வரலியாக்கா?"

"பயம்தான் வருது. கோவம் அதுக்குப் பின்னாடி வரிசையில நிக்குது."

"என்னா பயம்?"

"எல்லாத்துக்கும்தான். அவரு வர லேட்டானாலே பயம். ரிலீவர் வராம அந்த மெஷின் மேலேயே உக்காந்திருப்பாரே, சாப்பிட்டாரோ என்னவோன்னு."

செவ்வந்தி விழித்தாள். "ரிலீவரா? அவரு பாவம், நல்ல மனுசனாச்சே. நேரத்துக்கு மின்னாடியே வந்துடுவாரு. சாருதான் எறங்கி நேரா எங்க கேன்டீனுக்கு வந்து உக்காந்துகினு, ரெண்டு டீய வச்சிகினு, கத பேசிகினே இருப்பாரு."

வரிசையில் கோபத்தின் முறை வந்தது.

*

மதியம் அவர் நேரத்துக்கு வந்துவிட்டார். கேன்டீனில் இனி யார் இருக்கிறார்கள் உட்கார? தலையை வாரி, பவுடர் வேறு போட்டிருந்தார். வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் அஸ்வினை அவர் கையில் வைத்தேன்.

"ரிலீவர் வந்தாச்சு" என்றேன்.

"என்னது?"

"காலையிலிருந்து நாங்க ரெண்டு பேரும் பார்த்தாச்சுங்க. இந்த ஷிப்ட் நீங்க."

"நான் இப்பத்தானே கண்ணு ஷிப்ட் முடிச்சு வர்றேன்!"

"ரெண்டு பொண்டாட்டி இருக்கற வீட்டுல ரெண்டு ஷிப்ட் இருக்குமுங்க. யோசிக்கலீங்களா?"

"நீங்க எங்க கெளம்பறீங்க?"

"பழகிப் பார்க்க. செவ்வந்தி புரொபேஷன்ல இருக்குதில்ல?" கேட்டைத் திறந்தேன். "ரிலீவர் வராம எறங்கக் கூடாது. நீங்க சொன்ன சட்டம்தான்."

அன்றைக்குத்தான் நான் நெய்வேலியைப் பார்த்தேன். அகலமான சாலைகள், ஓரத்தில் புயல் விட்டுவைத்த அடிமரங்கள். ஒரு கடையில் நின்று டீ குடித்தோம். கல்யாணத்துக்குப் பிறகு நான் கடையில் டீ குடித்தது அதுதான் முதல். செவ்வந்தி என்னை மினி பஸ்ஸில் ஏற்றி அவள் ஊருக்குக் கூட்டிப்போனாள். ஊர்க்கோடியில் ஒரு மண்மேடு. ஏறி நின்றால் கீழே சுரங்கம். உலகத்தின் அடிவயிற்றைத் திறந்து போட்டது மாதிரி இருந்தது.

"அதோ, தூரத்துல சின்னதா தெரியுது பாருங்க. அதுதான் உங்க வூட்டுக்காரரு மெஷினு."

தீப்பெட்டி அளவுதான் இருந்தது. வீட்டில் அவர் சொல்லும்போது அது கூரையை இடிக்கும்.

"அங்க முந்திரித்தோப்பு இருந்துச்சுக்கா. எங்கம்மா கொட்ட பொறுக்கக் கூலிக்குப் போவாங்க. தோப்புக்காரங்க காசு வாங்கிகினு போயிட்டாங்க. பொறுக்கினவங்களுக்கு யாரு தருவா?" முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "தோப்பயும் சாரே நோண்டிட்டாரு. அப்பறம் என்னியும் கட்டிக்கிறேன்னாரு. நல்லவருதான். எதயும் பாதில வுட மாட்டாரு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "பிளஸ் டூவுல எப்படிப் பண்ணே?" என்று கேட்டேன். நன்றாகத்தான் பண்ணியிருந்தாள். நர்ஸ் ஆக ஆசைப்பட்டு, பணமில்லாமல் கேன்டீனுக்கு வந்திருந்தாள்.

நாங்கள் திரும்பும்போது விளக்கு வைத்துவிட்டார்கள். வீட்டுக்குள் அவர் லுங்கியில்லாமல் துண்டோடு நின்றார். லுங்கி அஸ்வினின் காலடியில் கிடந்தது. காரணம் கேட்க வேண்டியிருக்கவில்லை. பவுடர் போட்ட முகத்தில் கேழ்வரகுக் கூழ். ரிமோட் அஸ்வின் வாயில். கரகரத்துப்போன தொண்டையில் அவர் எதையோ பாடிக்கொண்டிருந்தார்.

"ஏன் இவ்வளவு நேரம்? எங்க போனீங்க? நான் அசையக்கூட முடியாம..."

செவ்வந்தி அடக்கமாகச் சொன்னாள். "ரிலீவரு வரல சார்."

அவர் அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தார். கேட்டால் எங்கே கொண்டுபோய் விடும் என்று தெரிந்து, மூடிக்கொண்டார்.

அதற்கப்புறம் தினமும் அப்படித்தான். காலையில் செவ்வந்தி, மதியத்துக்கு மேல் அவர். நைட் ஷிப்ட் வாரத்தில் பகலில் தூங்க வருவார். அடுத்த அறையில் நாங்கள் சிரிப்போம். தலையணையோடு எழுந்து வருவார்.

"ரெண்டு பேரும் அப்படி என்ன பேசிக்கறீங்க?"

"உங்களைப் பத்தி இல்லைங்க."

அதுதான் அவருக்கு ரொம்ப வலித்தது. கொஞ்ச நேரம் கதவருகிலேயே நிற்பார். எங்கள் வீட்டில் பேச ஆளில்லாமல் நிற்பது எப்படி இருக்கும் என்று அப்போது அவருக்குத் தெரிந்திருக்கும்.

"கண்ணு, துணைக்குன்னு ஒரு ஆள் வந்தா, எங்கிட்டயும் ரெண்டு வார்த்தை..."

"துணை எனக்குத்தானுங்களே?"

இப்படிச் சொல்லிக்கொண்டே வந்தாலும் எனக்குப் பயம் விடவில்லை. ஒருநாள் அஸ்வின் அவள் புடவையை நனைத்துவிட்டான். என் மஞ்சள் புடவையைக் கொடுத்தேன். அதைக் கட்டிக்கொண்டு, என் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, என் சமையலறையிலிருந்து செவ்வந்தி வெளியே வந்தாள். அவர் பார்த்தார். அவர் பார்ப்பதை நான் பார்த்தேன். அஸ்வினைக் கூப்பிட்டேன். அவன் வரவில்லை, அவள் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அம்சவல்லி அக்கா சொன்ன கால் உள்ளே வந்துவிட்டது. கதவைத் திறந்துவிட்டவள் நான்.

அன்று பேனாவை எடுத்தேன். பயம் வந்தால் செய்ய வேண்டிய இரண்டாவது காரியம். எங்கள் கான்வென்ட் சிஸ்டருக்கு என்னால் முடிந்த அழகான கையெழுத்தில் எழுதினேன். கோயமுத்தூர்ப் பக்கம் அவர்களுக்கு ஒரு ஆஸ்பத்திரி உண்டு. நர்ஸுக்கு உதவியாக இருக்கப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, தங்க இடமும் கையில் கொஞ்சம் பணமும் தருவார்கள். செவ்வந்தியிடம் சொல்லிவிட்டுத்தான் தபாலில் போட்டேன். புடவையை மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

ஆடி முடிவதற்கு முன்னால் சிஸ்டர் போன் செய்தார். அனுப்பிவை என்றார். சந்தோஷப்பட எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

*

ஆவணி பிறந்தது. அவர் சலவைச் சட்டை போட்டு, இரண்டு முழம் மல்லிகையோடு வந்தார். ஆளுக்கு ஒரு முழம். நியாயஸ்தர்.

எங்கள் இருவரையும் எதிரில் உட்கார வைத்தார். பழக்கதோஷத்தில் அஸ்வினை மடியில் வைத்துக்கொண்டார்.

"ஆடி முடிஞ்சுது. நல்லா ஒத்துப் போயிட்டீங்க. நானே பாத்தேன். அக்கா தங்கச்சி கெட்டுது போங்க! அப்ப முகூர்த்தம் பாக்கலாமா?"

எனக்கு அவளைத் திரும்பிப் பார்க்கத் தைரியமில்லை. சிஸ்டரிடம் போகிறேன் என்று அவள் இன்னும் வாயால் சொல்லவில்லை. அரை பர்மனென்ட், அம்மா மாணிக்கம்மா, மஞ்சள் புடவை எல்லாம் ஒரு பக்கம். முன்பின் தெரியாத கோயமுத்தூர் ஒரு பக்கம். என் பிள்ளையின் தலைக்கு மேல் சுற்றுகிற மின்விசிறி, அது தொங்குகிற கூரை, எல்லாம் அவள் வாயில் இருந்தது.

"சார், எனக்கு வேல கெடச்சிருச்சு" என்றாள். "கோயமுத்தூர்ல. ஞாயித்துக்கெழம கெளம்பறேன்."

"வேலையா? அப்ப கல்யாணம்? புரொபேஷன்தான் முடிஞ்சுதே!"

"முடிஞ்சுது சார். ஆனா அதுல நான் மட்டுந்தான் இருந்தேன்னு நெனச்சிகினீங்களா?" பூவை எடுத்து, இரண்டு முழத்தையும் என் தலையில் வைத்தாள். "நாங்களுந்தான் உங்களப் பாத்துகினு இருந்தோம். பால் பாட்டில் கழுவறதுல இருந்து எல்லாம் பாத்தாச்சு. நீங்க தேறல சார்."

அவர் என் பக்கம் திரும்பினார். முகம் அஸ்வின் அழப்போகும்போது இருக்கிற மாதிரியே இருந்தது. அப்பா ஜாடை என்று எல்லாரும் சொல்வது சரிதான்.

"மதி... உன் முடிவு?"

வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்கு நல்ல பதில் பகலிலேயே வந்தது. "உங்க புரொபேஷனை நீட்டிச்சிருக்குதுங்க" என்றேன்.

"எதுவரைக்கும்?"

"சீனியர் சொல்ற வரைக்கும்."

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஸ்டாண்டுக்கு வழியனுப்பப் போனோம். செவ்வந்தி அஸ்வினை முத்தமிட்டாள். அவனைத் தோளில் சுமந்துகொண்டு நின்ற என் கணவரிடம், "வரேங்கண்ணா" என்றாள். அண்ணா! பஸ் அவர் மேல் ஏறியிருந்தால்கூட அவ்வளவு நசுங்கியிருக்க மாட்டார். என் கையைப் பிடித்து, "பேசிகினே இருங்கக்கா, வுட்டுடாதீங்க" என்றாள். யாரிடம் என்று கேட்பதற்குள் பஸ் கிளம்பிவிட்டது.

*

நான் ஜெயித்துவிட்டேன். எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். அம்சவல்லி அக்காவிடம் சொல்லலாம் என்று பின்பக்கம் போனேன். கம்பெனி ஆட்கள் வந்து நடுச்சுவரைக் கட்டியிருந்தார்கள். நல்ல உயரமாக, பூசி, சுண்ணாம்பு அடித்து முடித்துவிட்டார்கள். அதற்குப் பின்னால் அக்கா துணி உதறுகிற சத்தம் மட்டும் கேட்கிறது.

அவர் இப்போது நேரத்துக்கு வருகிறார். செருப்பைக் கழற்றியதும் கையை நீட்டுகிறார், நான் கேட்காமலே. பால் பாட்டில் கழுவுகிறார். பிறகு டி.வி. பார்க்கிறார். டி.வி. பார்க்கிறவரை நானும் அஸ்வினும் பார்க்கிறோம். மின்விசிறி சுற்றுகிறது. காலை பத்து மணியானால், செவ்வந்தி வரும் நேரமென்று, என் காது தானாக கேட் பக்கம் போகிறது. ரிலீவர் வருவதில்லை.

நேற்று அவர் டி.வி. சத்தத்தைக் குறைத்தார்.

"என்ன கண்ணு, வாசலையே பாத்துக்கிட்டு? நான்தான் திருந்திட்டேனே. நேரத்துக்கு வர்றேன். கொழந்தையை வெச்சுக்கறேன். உன் தாலி மேல சத்தியமா இனி எந்தப் பொண்ணையும் ஏறெடுத்துப் பாக்க மாட்டேன். இன்னும் என்ன கொறை உனக்கு?"

நான் எழுந்து நின்றேன்.

"ஒண்ணுமில்லைங்க. உங்க கேன்டீன்ல செவ்வந்தி எடத்துக்கு இப்ப யாருங்க வந்திருக்காங்க?"